விடுதலைப் பத்திரம் யாருக்கு விடுதலை?

ஒரு மனிதன் உயில் எழுதாமல் செத்துப்போனால், அவன் விட்டுப்போன சொத்தைச் சட்டம் ஒரு கணக்குப்படி பங்கு போடுகின்றது. ஆனால் அந்தக் கணக்கே முடிந்த முடிவு அல்ல. வாரிசுகள் எல்லோரும் ஒன்றுகூடி, மனமொப்பி, அந்தப் பங்குகளைக் கூட்டியோ குறைத்தோ மாற்றிக்கொள்ளலாம். நம் நாட்டுச் சட்டமும் இதற்கு இடங்கொடுக்கின்றது. பிற நாட்டுச் சட்டங்களும் இடங்கொடுக்கின்றன.

இது நல்ல ஏற்பாடு என்பதே நமது அபிப்பிராயம். ஏனெனில் சட்டத்துக்குத் தலையை எண்ணத் தெரியுமே ஒழிய, வீட்டு நிலைமை தெரியாது. படுத்த படுக்கையாய்க் கிடந்த தகப்பனைப் பத்து வருஷம் தூக்கி எடுத்துப் பார்த்த பிள்ளை ஒன்று இருக்கலாம். வேண்டியமட்டும் சம்பாதித்துக்கொண்டு திரும்பிப் பாராத பிள்ளை ஒன்று இருக்கலாம். உடல் நலமில்லாத பிள்ளை ஒன்று இருக்கலாம். இவர்களுடைய தேவையையும் உழைப்பையும் நினைத்து, கூடப் பிறந்தவர்களே பங்கை மாற்றிக்கொள்வது என்றால் அது மனிதத் தன்மைக்கு அடையாளமேயாகும்.

ஆனால் நாம் கேட்பது ஒரே ஒரு கேள்விதான். "மனமொப்பி" நடப்பதாகச் சொல்லப்படும் இந்த மாற்றம், நம் நாட்டில் மட்டும் ஏன் எப்போது பார்த்தாலும் ஒரே பக்கமாகவே நடக்கின்றது? தங்கை அண்ணனுக்கு எழுதிக்கொடுத்தாள் என்று கேள்விப்படுகின்றோம். அக்கா தம்பிக்கு எழுதிக்கொடுத்தாள் என்று கேள்விப்படுகின்றோம். தாய் மகனுக்கு எழுதிக்கொடுத்தாள் என்று கேள்விப்படுகின்றோம். அண்ணன் தங்கைக்கு எழுதிக்கொடுத்தான் என்று எத்தனை வீட்டில் கேள்விப்பட்டிருக்கின்றோம்? மனம் ஒப்புவது பெண்களுக்கு மட்டுமே உள்ள வியாதியா?

விருதுநகர் ஜில்லா, ராஜபாளையம் தாலுக்காவிலுள்ள தளவாய்புரத்தை எடுத்துக்கொள்வோம். அவ்வூரும் அதன் அக்கம்பக்கத்து ஊர்களான செட்டியார்பட்டி, முகவூர் முதலியவையும் ஆயத்த உடை தைப்பதில், அதிலும் பெண்கள் அணியும் நைட்டி தைப்பதில், பேர்போனவை. பெண்கள் தையல் மிஷினில் உட்கார்ந்து, உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி பேசித் தைத்துக் குடும்பத்தைத் தாங்குகிறார்கள். தைத்த உருப்படி எத்தனை, வந்த கூலி எத்தனை என்று எண்ணி வாங்கத் தெரிந்தவர்கள். எட்டணா குறைந்தாலும் ஏன் குறைந்தது என்று கேட்கத் தெரிந்தவர்கள். அப்படிப்பட்ட பெண்களே, தகப்பன் செத்த பிறகு, எத்தனை செண்டு நிலம், அது என்ன விலை போகும், அதில் தன் பங்கு எவ்வளவு என்று ஒன்றையும் எண்ணாமல், சார்பதிவாளர் கச்சேரியில் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பஸ் ஏறுவதென்றால், அதன் காரணம் என்ன? அறிவுக் குறைவு என்று யாராவது சொல்ல முடியுமா? கூலியில் கணக்குப் பார்த்தால் கெட்டிக்காரி என்பார்கள். பிறந்த வீட்டில் கணக்குப் பார்த்தால் ஆசைக்காரி என்பார்கள். இந்தப் பேச்சுக்குப் பயந்துதான் கை தானாகப் பேனாவைப் பிடிக்கின்றது. இது தளவாய்புரத்துக்கு மட்டும் உள்ள குறை என்று நாம் சொல்ல வரவில்லை. தமிழ்நாட்டில் எந்த ஊரை எடுத்துக்கொண்டாலும் இதே சங்கதிதான்.

இது நடக்கிற விதத்தைப் பாருங்கள். சாவு வீட்டில் பதினாறாம் நாள் காரியம் முடிந்து பந்தலைப் பிரிக்கிறதற்குள், தாசில்தாரிடம் வாரிசுச் சான்றுக்கு மனுப் போடப்படுகின்றது. அதில் மகன்களோடு மகள்கள் பேரும் வந்தே தீரும். பேர் வந்துவிட்டால் பாங்கிப் பணம் எடுக்கவும், பட்டா மாற்றவும், நிலத்தை விற்கவும் எல்லோருடைய கையெழுத்தும் வேண்டியிருக்கின்றது. அப்போதுதான் அண்ணனுக்குத் தங்கையின் ஞாபகம் வருகின்றது. "அம்மா, ஆபீசில் ஒரு கையெழுத்துக் கேட்கிறார்கள், ஒரு எட்டு வந்துவிட்டுப் போ" என்பான். என்ன கையெழுத்து என்று இவளும் கேட்பதில்லை, அவனும் சொல்வதில்லை. பத்திரம் ஏற்கெனவே எழுதி முடிந்திருக்கும். "என் பூரண சம்மதத்துடனும், யாருடைய தூண்டுதலும் இன்றியும்" என்ற வாசகமும் எழுதப்பட்டிருக்கும். அந்தச் சம்மதத்தை எழுதியவர் பத்திர எழுத்தர். எழுதச் சொன்னவன் அண்ணன். அதற்குச் சொந்தக்காரி மட்டும் அதைப் படித்துப் பார்த்ததில்லை. இதற்கு "விடுதலைப் பத்திரம்" என்று பேர் வைத்திருக்கிறார்கள். யாருக்கு விடுதலை என்று நாம் கேட்கின்றோம். சொத்துக்குத் தங்கையிடமிருந்து விடுதலையே தவிர, தங்கைக்கு எதிலிருந்து விடுதலை?

நிற்க. இப்படி ஒரு நிமிஷத்தில் எழுதிக்கொடுக்கப்படுகின்ற உரிமை எவ்வளவு காலத்தில் வந்தது என்பதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். 1929-ம் வருஷம் செங்கல்பட்டில் கூடிய முதலாவது சுயமரியாதை மகாநாட்டில், பெண்களுக்கும் ஆண்களைப் போலவே சொத்துரிமையும் வாரிசு பாத்தியதையும் இருக்க வேண்டும் என்று தீர்மானம் செய்யப்பட்டது. அன்று அதைப் பரிகசித்தவர்கள் பலர். 1937-ம் வருஷத்துச் சட்டம் விதவைக்கு மகனைப் போல் ஒரு பங்கு கொடுத்தது. ஆனால் உயிருள்ளவரை அனுபவித்துவிட்டுப் போகும் பாத்தியதையாக மட்டுமே கொடுத்தது. மகளுக்கு அதில் ஒன்றும் கிடையாது. பிறகு இந்து சட்டத் திருத்தம் வருஷக்கணக்கில் இழுத்தடிக்கப்பட்டது. 1951-ல் டாக்டர் அம்பேத்கார் மந்திரி பதவியை உதறிவிட்டு வந்ததற்கு அது முக்கியமான காரணங்களில் ஒன்று.

1956-ல் வந்த வாரிசுச் சட்டம், தகப்பன் சுயமாய்ச் சம்பாதித்த சொத்தில் மனைவிக்கும், தாய்க்கும், மகனுக்கும், மகளுக்கும் சமபங்கு என்றது. ஆனால் பிதுரார்ஜித சொத்தில் பிறப்பால் வரும் பாத்தியதை ஆண் பிள்ளைக்கே என்று விட்டுவைத்தது. தமிழ்நாட்டில் 1989-ம் வருஷம் மார்ச்சு 25-ந் தேதி முதல் அமலுக்கு வந்த திருத்தத்தால் அதுவும் மகளுக்குச் சமமாயிற்று. செங்கல்பட்டுத் தீர்மானத்துக்கும் இதற்கும் நடுவில் சரியாக 60 வருஷம்! அப்போதுங்கூட, அந்தத் தேதிக்கு முன்னமே கல்யாணமாகிப் போன பெண்களுக்குக் கிடையாது என்று ஒரு வேலி போட்டார்கள். ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு பெண்களில், 1988-ல் தாலி கட்டிக்கொண்டவளுக்கு இல்லை. 1990-ல் கட்டிக்கொண்டவளுக்கு உண்டு. 2005-ம் வருஷம் செப்டம்பர் 9-ந் தேதி அமலுக்கு வந்த மத்திய சர்க்கார் சட்டத்தில்தான் அந்த வேலியும் ஒழிந்தது. அந்தத் தேதியில் தகப்பன் உயிரோடிருந்தானா இல்லையா என்று வக்கீல்கள் பதினைந்து வருஷம் வாதாடினார்கள். மகளுடைய பாத்தியதை பிறப்பால் வருவது, தகப்பன் அன்று உயிரோடிருக்க வேண்டியதில்லை என்று 2020 ஆகஸ்டு 11-ந் தேதி வினீதா சர்மா வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு தீர்த்துவைத்தது. ஆகவே இது யாரும் போட்ட பிச்சையல்ல. இரண்டு மூன்று தலைமுறை போராடி வாங்கியது. வாங்கினதைத்தான் "ஒரு எட்டு வந்துவிட்டுப் போ" என்ற ஒரு வார்த்தைக்குக் கொடுத்துவிடுகின்றோம்.

இனி, பெண்களுக்குப் பங்கு வேண்டியதில்லை என்பதற்குச் சொல்லப்படும் காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது, "கொள்ளி வைக்கிறவன் மகன்; ஆகவே சொத்தும் மகனுக்கே" என்பது. கொள்ளிக்கும் காணிக்கும் என்ன சம்பந்தம்? செத்துப்போனவனுடைய உடலை எரிப்பதோ புதைப்பதோ உயிரோடிருப்பவர்களுடைய சுகாதாரத்துக்காகச் செய்ய வேண்டிய வேலை. அதற்குக் கூலியாக ஒரு ஏக்கர் நிலமா? மகன் வைத்த நெருப்புத்தான் பிடிக்கும், மகள் வைத்த நெருப்புப் பிடிக்காது என்று எந்த விறகாவது சொல்லிற்றா? இதில் வேடிக்கை என்னவென்றால், சாஸ்திரம் பேசுகிறவர்களுக்கு அவர்களுடைய சாஸ்திரமே தெரியாது. பிண்டம் போடுகிறவனுக்குச் சொத்து என்பது வங்காளத்தில் வழங்கிய தாயபாகத்தின் கொள்கை. நம் தென்னாட்டில் வழங்கியது மிதாட்சரம். அதில் வாரிசுக்கு ஆதாரம் இரத்த நெருக்கமே ஒழியப் பிண்டம் அல்ல. 2022 ஜனவரி 20-ந் தேதி, அருணாசலக் கவுண்டர் என்பவர் பேரால் நடந்த நம் தமிழ்நாட்டு வழக்கொன்றில், 1956-க்கு முன்னமே உயில் இல்லாமல் இறந்த ஒருவர் சுயமாய்ச் சம்பாதித்த சொத்து, ஆண் பிள்ளையில்லாத அவருடைய ஒரே மகளுக்கே சேரும், சகோதரன் மகனுக்குச் சேராது என்று சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லிற்று. அதற்குப் பழைய நூல்களையே எடுத்துக்காட்டிற்று. சாஸ்திரத்தை நாம் ஆதாரமாகக் கொள்கிறவர்களல்ல; நியாயமே நமக்குப் போதும். ஆனால் சாஸ்திரத்தைக் காட்டிப் பங்கு மறுக்கிறவர்கள் அந்த ஆதாரமும் தங்களுக்கு இல்லை என்பதைத் தெரிந்துகொள்ளட்டும்.

இரண்டாவது, "நகை போட்டு, சீர் செய்து, கட்டிக்கொடுத்தாயிற்று, அதுதான் அவள் பங்கு" என்பது. வரதட்சணை கொடுப்பதும் வாங்குவதும் 1961-ம் வருஷத்துச் சட்டப்படி குற்றம். குற்றமாய்க் கொடுத்த பணத்தை நியாயமான பங்கு என்று கணக்கெழுதுவது எப்படிச் சரியாகும்? அன்றியும், கொடுத்த நகை யார் கையில் இருக்கின்றது? மாப்பிள்ளையின் கடைக்கு முதலாயிருக்கும். நாத்தனார் கல்யாணத்துக்குப் போயிருக்கும். யாழ்ப்பாணத்துத் தமிழர்களுக்குள் வழங்கும் தேசவழமையிலும், சீதனம் பெற்றுப்போன பெண்ணுக்குப் பிறந்த வீட்டுச் சொத்தில் மறுபடி பாத்தியதை இல்லை என்று இருக்கின்றது. அதைச் சமத்துவம் என்று நாம் சொல்ல மாட்டோம். ஆனாலும் அங்கே சீதனமாகக் காணியும் வீடும் பெண் பேருக்கே உறுதி எழுதிக் கொடுக்கிற வழக்கமாவது உண்டு. இங்கே கொடுத்ததை மாப்பிள்ளை வீட்டுக்குக் கொடுத்துவிட்டுக் கணக்கை மட்டும் பெண் பேரில் எழுதுகிறார்கள். மேலும், மகனைக் காலேஜில் படிக்கவைத்த செலவையும், தொழிலுக்குப் போட்ட முதலையும் அவன் பங்கில் எந்த வீட்டிலாவது கழித்ததுண்டா?

மூன்றாவது, "நிலம் துண்டு துண்டாய்ப் போய்விடும்" என்பது. மூன்று ஆண் பிள்ளைகள் இருந்தால் நிலம் மூன்று துண்டாகின்றது. அப்போது இந்தக் கவலை எங்கே போயிற்று? நிலத்தைத் துண்டாக்க வேண்டாமென்றால் ஒருவரே வைத்துக்கொண்டு மற்றவர்களுக்குக் கிரயத்தைக் கொடுத்துவிட்டால் தீர்ந்தது. துண்டாகக் கூடாதென்பது காரணமானால் கிரயம் கொடுக்க வேண்டும். கிரயமும் கொடுக்க மாட்டேன் என்றால் அது நிலத்தின் மேல் உள்ள அக்கறை அல்ல, தங்கையின் பங்கின் மேல் உள்ள அக்கறை.

நான்காவதுதான் எல்லாவற்றிலும் பலமானது. "பங்கு கேட்டால் பிறந்த வீட்டு வாசல் அடைபட்டுப் போகும், தாய்மாமன் சீர் யார் செய்வார்கள்? பிள்ளைக்கு யார் மடியில் வைத்துக் காது குத்துவது?" என்பது. இதைப் பெண்களே சொல்லுகிறார்கள், கண்ணீரோடு சொல்லுகிறார்கள். நாம் அந்தக் கண்ணீரைக் கேலி செய்யவில்லை. கணவன் வீட்டில் ஒரு அடி விழுந்தால் ஓடிவந்து நிற்க அவளுக்கு வேறு இடமில்லை என்பதை அறிவோம். ஆனால் சகோதரிகளே, கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த இடமில்லாமல் போனதே உங்களுடைய பங்கு போனதால்தானே? உங்கள் பேரில் ஐந்து செண்டு இருந்தால் நீங்கள் யார் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டும்? இலட்சக்கணக்கான ரூபாய் பெறும் காணியை எழுதி வாங்கிக்கொண்டு, காதுகுத்துக்கு ஒரு பட்டுப்புடவையும் தட்டுச் சாமானும் கொண்டுவந்து வைத்தால், சீர் செய்தது யார்? அண்ணன் உங்களுக்குச் செய்தானா, நீங்கள் அண்ணனுக்குச் செய்தீர்களா? பங்கு கேட்டவுடன் போய்விடுகிற பாசம், கேட்பதற்கு முன்னும் இருந்ததா என்பதே நமது சந்தேகம்.

ஆகவே வாரிசுகள் பங்கை மாற்றிக்கொள்ளக் கூடாது என்பது நமது கட்சியல்ல; மாற்றுவதென்றால் அது ஒப்பந்தமாயிருக்க வேண்டும் என்பதே நமது கட்சி. ஒப்பந்தம் என்றால் இரண்டு பக்கமும் விஷயம் தெரிந்திருக்க வேண்டும். இரண்டு பக்கமும் "முடியாது" என்று சொல்ல இடமிருக்க வேண்டும். காலே என்பவருடைய வழக்கில் 1976-ல் சுப்ரீம் கோர்ட்டு இதைத்தான் சொல்லிற்று. உத்தரப் பிரதேசத்தில் ஒரு விவசாயி விட்டுப்போன நிலத்தை அவருடைய மகள் வயிற்றுப் பேரனும், அப்பேரனுடைய சித்திமார்களும் 1956-ல் தங்களுக்குள் பிரித்துக்கொண்டார்கள். பிறகு சண்டை வந்தது. குடும்பத்துக்குள் செய்துகொண்ட ஏற்பாட்டை இலேசில் கலைக்கக் கூடாது, வாயால் செய்தாலும் செல்லும், அனுபவித்தவர்கள் பின்னால் அதை மறுக்க முடியாது என்று தீர்ப்பாயிற்று. ஆனால் அதே தீர்ப்பு, அந்த ஏற்பாடு யோக்கியமானதாயும், நியாயமான பங்கீடாயும், மோசடியோ கட்டாயமோ தகாத செல்வாக்கோ இல்லாமல் தாங்களாகச் செய்துகொண்டதாயும் இருக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டிருக்கின்றது. தீர்ப்பின் முன்பாதியை நம் ஊர்ப் பெரியவர்கள் நன்றாய்த் தெரிந்துவைத்திருக்கிறார்கள். பின்பாதியைத்தான் யாரும் பெண்களுக்குச் சொல்வதில்லை.

பிற நாடுகளில் இதற்கு என்ன செய்திருக்கிறார்கள் என்றும் பார்ப்போம். இங்கிலாந்தில் ஒருவர் இறந்த இரண்டு வருஷத்துக்குள் வாரிசுகள் எழுத்து மூலம் பங்கை மாற்றிக்கொண்டால், 1984-ம் வருஷத்து வாரிசு வரிச் சட்டப்படி, இறந்தவரே அப்படி எழுதிவைத்தது போல் வரிக்காக எடுத்துக்கொள்ளப்படுகின்றது. உயிலில் விட்டுப்போனவர்களைச் சேர்ப்பதற்கும் பேரப்பிள்ளைகளுக்குக் கொடுப்பதற்கும் அங்கே இந்த வழி பயன்படுகின்றது. அங்கே பேர் சேர்க்கப் பயன்படும் ஆயுதம் இங்கே பேர் அடிக்கப் பயன்படுகின்றது. மைனர் பிள்ளையின் பங்கைக் குறைப்பதென்றால் அங்கே கோர்ட்டு சம்மதிக்க வேண்டும். ஜோர்டான் நாட்டில் 2010-ல் குடும்பச் சட்டத்தைப் புதுப்பித்த பிறகு, சாவு நடந்து மூன்று மாதம் ஆகும்வரை வாரிசுப் பங்கை விட்டுக்கொடுக்கும் பத்திரம் பதியக் கூடாது என்று ஏற்பாடு செய்தார்கள். சாவு வீட்டுத் துக்கத்திலும் பந்துக்களின் நெருக்கடியிலும் பெண்கள் எழுதிக்கொடுத்துவிடுகிறார்கள் என்பதே காரணம். பிரான்சில், பிள்ளைகளுக்குச் சட்டம் ஒதுக்கிய பங்குக்காக வழக்காடும் பாத்தியதையை முன்கூட்டியே ஒருவர் விட்டுக்கொடுப்பதானால், இரண்டு நோட்டரிகள் முன்னிலையில், ஒவ்வொருவரும் தனித்தனியே, வேறு யாரும் அருகில் இல்லாமல் கையெழுத்துப் போட வேண்டும் என்று 2006-ல் சட்டம் செய்தார்கள். அண்ணன் பக்கத்தில் நிற்கக் கூடாது. அத்தான் பக்கத்தில் நிற்கக் கூடாது. இது ஒன்று மட்டும் நம் நாட்டில் வந்தால் எத்தனை பத்திரங்கள் பதிவாகாமல் திரும்பிப் போகும் என்று நினைத்துப் பாருங்கள்!

சட்டம் வரும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. நம் குடும்பங்களே இவைகளை அனுஷ்டிக்கலாம். பதினாறாம் நாளில் பத்திரத்தைப் பற்றிப் பேசவே கூடாது; குறைந்தது மூன்று மாதமாவது போகட்டும். நிலம், வீடு, நகை, பாங்கிப் பணம், கடன் எல்லாவற்றுக்கும் ஒரு ஜாபிதா எழுதி, விலையும் போட்டு, ஒவ்வொரு வாரிசு கையிலும் கொடுக்க வேண்டும். சட்டப்படி உன் பங்கு இவ்வளவு என்று வாயால் சொல்ல வேண்டும். பத்திரத்தின் நகலை முன்கூட்டியே பெண் கையில் கொடுத்து, அவளுக்கு நம்பிக்கையான ஒருவரிடம் படித்துக் கேட்க விட வேண்டும். பங்கை விட்டுக்கொடுத்ததற்குப் பணம் கொடுத்தால், பேசிய தொகையே பத்திரத்தில் இருக்க வேண்டும். அது அவள் பேரிலுள்ள பாங்கிக் கணக்கில் சேர வேண்டும். சிறு தொகை எதையோ கையில் வைத்து "பிரதிபலன் பெற்றுக்கொண்டேன்" என்று எழுதி வாங்குவது சாமானிய விஷயமல்ல. தகப்பன் உயிரோடிருக்கும்போதே 1975-ல் ஒரு மகன் பணம் வாங்கிக்கொண்டு எழுதிக்கொடுத்த விடுதலைப் பத்திரத்தைப் பற்றிய தமிழ்நாட்டு வழக்கில், வாங்கினவரும் அவர் பிள்ளைகளும் பின்னால் பங்கு கேட்க முடியாது என்று 2023 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. இறந்துபோன சகோதரியின் மைனர் பிள்ளைகளுக்குப் பங்கு இருந்தால், கோர்ட்டு அனுமதியில்லாமல் அவர்களுடைய தகப்பன் அதை எழுதிக்கொடுக்கவே கூடாது. மோசடியாய்க் கையெழுத்து வாங்கப்பட்டிருந்தால், அது தெரிந்த நாளிலிருந்து மூன்று வருஷத்துக்குள் பத்திரத்தை ரத்து செய்ய வழக்குப் போட வேண்டும். பிறகு அழுது பயனில்லை.

கடைசியாக, ஆண் தோழர்களுக்குச் சில வார்த்தை. பங்கை மாற்றிக்கொள்ளச் சட்டம் கொடுத்திருக்கும் சுதந்திரம் உங்களுக்கும் உண்டு. சட்டம் இன்னும் சரிக்கட்டாத அநியாயங்களை நீங்கள் சரிக்கட்டலாம். ஒரு கணக்குச் சொல்லுகின்றோம். நூறு செண்டு பிதுரார்ஜித நிலம். தகப்பன், தாய், இரண்டு மகன், இரண்டு மகள். தகப்பன் உயில் எழுதாமல் இறந்துபோனான். தகப்பனும் நான்கு பிள்ளைகளும் ஆளுக்கு 20 செண்டு வீதம் பங்காளிகள். நம் தென்னாட்டு வழக்கப்படி இந்தப் பிரிவினையில் தாய்க்குத் தனிப்பங்கு இல்லை. தகப்பனுடைய 20 செண்டு மட்டும் தாய்க்கும் நான்கு பிள்ளைகளுக்குமாக ஐந்தாய்ப் பிரிந்து ஆளுக்கு நான்கு செண்டு வருகின்றது. ஆக, பிள்ளைகளுக்குத் தலைக்கு 24 செண்டு. அந்த நிலத்தில் நாற்பது ஐம்பது வருஷம் களையெடுத்த தாய்க்கு 4 செண்டு! அந்த நாலையும் "உனக்கு எதற்கு அம்மா, நான் சோறு போடமாட்டேனா?" என்று எழுதி வாங்குகிற மகனும் இருக்கின்றான். சோறு போடுவேன் என்றால் அதைப் பத்திரத்தில் எழுதட்டுமே! பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனை எழுதாத விடுதலைப் பத்திரத்தை 2007-ம் வருஷத்து முதியோர் பராமரிப்புச் சட்டப்படி ரத்து செய்ய முடியாது என்று 2022 டிசம்பரில் ஒரு தீர்ப்பு வந்தது. 2025 ஜனவரியில் வேறொரு தாயின் வழக்கில் அந்தச் சட்டத்துக்குத் தாராளமாகப் பொருள் கொண்டார்கள் என்றாலும், தாயின் கஞ்சியைத் தீர்ப்பை நம்பி விடுவானேன்? நான்கு பிள்ளைகளும் மனமொப்பி ஆளுக்கு நான்கு செண்டு தாய்க்கு விட்டுக்கொடுத்தால் அவளுக்கும் 20 செண்டு ஆகின்றது. மனமொப்பிய ஏற்பாடு என்றால் இதுவல்லவோ ஏற்பாடு!

அதேபோல், 2004 டிசம்பர் 20-ந் தேதிக்கு முன்னமே பதிவான பாகப்பிரிவினைகளைப் புதுச் சட்டம் தொடுவதில்லை. எத்தனையோ வீடுகளில் அண்ணன் தம்பிகள் மட்டும் அப்படிப் பிரித்துக்கொண்டு, அக்கா தங்கைகள் வெறுங்கையோடு நிற்கிறார்கள். அவர்களுக்குக் கோர்ட்டில் வழியில்லை. ஆனால் கூடப் பிறந்தவர்களின் மனதில் வழியிருக்கலாமல்லவா? அண்ணன் நினைத்தால் நாளைக்கே தங்கை பேருக்கு ஒரு செட்டில்மெண்டு எழுதி வைக்கலாம். குடும்பத்துக்குள் எழுதும் பத்திரங்களுக்கு முத்திரைத் தீர்வையில் சலுகையும் சர்க்கார் கொடுத்திருக்கிறார்கள். அந்தச் சலுகை தங்கையிடமிருந்து வாங்குவதற்கு மட்டும் ஏற்பட்டதல்ல. தங்கைக்குக் கொடுப்பதற்கும் ஏற்பட்டதுதான்.

1931-ல் இந்த ஜில்லாவிலேயே, விருதுநகரில், மூன்றாவது சுயமரியாதை மகாநாடு கூடிற்று. அன்று சட்டம் நம் பக்கம் இல்லை. அதனால் சட்டத்தை மாற்றச் சொல்லிக் கேட்டோம். இன்று சட்டம் பெரும்பாலும் மாறிவிட்டது. மாறாமலிருப்பது வீட்டுக்குள் இருக்கும் மனம். அதை மாற்ற எந்தச் சட்டசபையும் வராது. தளவாய்புரத்துத் தையல் மிஷினில் உட்கார்ந்து உருப்படிக்கு உருப்படி எண்ணுகிற சகோதரி, தன் தகப்பன் விட்டுப்போன நிலத்திலும் செண்டுக்குச் செண்டு எண்ணிப் பார்க்கட்டும். எண்ணிப் பார்த்த பிறகும், "என் தம்பிக்கு முடியவில்லை, அவனே வைத்துக்கொள்ளட்டும்" என்று அவள் விட்டுக்கொடுத்தால், அதைத் தியாகம் என்று நாம் ஒப்புக்கொள்வோம். எண்ணவே விடாமல் வாங்கப்படும் கையெழுத்துக்கு மட்டும் தியாகம் என்று பேர் வைக்க வேண்டாம்.